அத்தியாயம் 7: அக்ரிமெண்ட்டில் அவர் பெயர் இல்லை

அடிபட்ட பெண்ணைப் பார்க்கப் போகிற எல்லோரும் கேட்பது, "என்னம்மா நடந்துச்சு?" அவர் வாடகை வீட்டில் குடியிருப்பவர் என்றால், கிளம்புவதற்கு முன் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: "அட்வான்ஸ் யார் காசு, யார் பேர்ல இருக்கு?" அதைக் கேட்காமல் விட்டு நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புறநகரில் மூன்று போர்ஷன் வீடு. கீழே ஹவுஸ் ஓனர் அம்மா, மாடியில் இரண்டு குடித்தனம். அதில் ஒரு குடித்தனத்துப் பெண் எனக்குப் பழக்கம். ஒருநாள் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். உட்காரும்போது அது விலகியது. கழுத்தில் நான்கு விரல் தடம். அன்று சாயங்காலமே நான் நேராக ஓனர் அம்மாவிடம் போனேன். "மேல நடக்கிறது உங்களுக்குத் தெரியுமா? அந்தத் தம்பியைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்கம்மா" என்றேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு.

ஓனர் அம்மா நல்லவர்தான், ஆனால் பயந்த சுபாவம். இரவே அந்தப் பெண்ணின் கணவனைக் கூப்பிட்டு, "அக்கம்பக்கத்துல பேச்சு வருது தம்பி. எனக்கு எதுக்கு வம்பு? வேற வீடு பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தே நாளில், 60,000 ரூபாய் அட்வான்ஸில் வாடகை பாக்கியையும் வெள்ளையடிக்கிற செலவையும் கழித்துக்கொண்டு மீதியை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்த 60,000 இந்தப் பெண்ணின் வளையலை அடகு வைத்துக் கொடுத்தது. அடகுச் சீட்டு அவன் பர்ஸில், அக்ரிமெண்ட் அவன் பெயரில். மாடிப்படியில் கேஸ் அடுப்பும் இரண்டு பிள்ளைகளுமாக அந்தப் பெண் நின்றிருந்ததைப் பார்த்த பிறகுதான், வாடகை வீடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று எனக்கு உறைத்தது.

சொந்த வீட்டை விற்க ஒருவனுக்குப் பத்திரம் வேண்டும், ஆள் வேண்டும், மாதக்கணக்கில் நேரம் வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்ய "சாவியை வாங்கிக்கோங்க சார்" என்கிற ஒரு வாக்கியம் போதும். அதனால்தான் இந்த அத்தியாயம் தனியாக எழுத வேண்டியதாயிற்று.

*சட்டம் என்ன சொல்கிறது*

அக்ரிமெண்ட்டில் பெயர் இல்லாத பெண்ணுக்கு அந்த வீட்டில் உரிமை இல்லை என்றுதான் ஓனர் நினைக்கிறார், கணவன் நினைக்கிறான், பல நேரம் அந்தப் பெண்ணே நினைக்கிறார். அது தப்பு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 (நடைமுறைக்கு வந்தது 26 அக்டோபர் 2006) சேர்ந்து வாழ்ந்த வீடு எது என்று விளக்கும் இடத்தில், சொந்த வீட்டோடு வாடகை வீட்டையும் சேர்த்தே சொல்கிறது. வாடகை ஒப்பந்தம் கணவன் பெயரில் மட்டும் இருந்தாலும் சரி, இருவர் பெயரில் இருந்தாலும் சரி. பிரிவு 17, பெயர் இருக்கிறதோ இல்லையோ அந்த வீட்டில் வசிக்கிற உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. சட்டப்படி நடவடிக்கை எடுக்காமல் அவரை எதிர்த்தரப்பு வெளியேற்ற முடியாது. மாமனார் பெயரில் எடுத்த வீடு என்றால் என்ன செய்வது என்று 2006 முதல் ஒரு குழப்பம் இருந்தது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்தது: வீடு கணவனின் உறவினருடையதாக இருந்தாலும், நிலையாகக் குடித்தனம் நடத்திய வீடு என்றால் பெண் அங்கே வசிக்கும் உரிமையைக் கோரலாம். தாலி கட்டாமல், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்தவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

வாடகைக் குடித்தனத்துக்கு உயிர்நாடி பிரிவு 19. குற்றவியல் நடுவர் அதன்கீழ் வசிப்பிட உத்தரவு போடலாம். பெண்ணை வெளியேற்றக் கூடாது என்று சொல்லலாம், அடிப்பவனை வெளியேறச் சொல்லலாம் (மாமியார், நாத்தனார் போன்ற பெண்களை வெளியேற்ற இந்த வழியில்லை). இவை பலருக்கும் தெரிந்தவை. வக்கீல்களே கேட்க மறந்துவிடும் ஒன்றும் அதே பிரிவில் இருக்கிறது: நீதிமன்ற அனுமதியில்லாமல் அந்த வீட்டின் மீதான தன் உரிமையைக் கணவன் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற தடை. சாவியை ஓனர் கையில் கொடுத்துவிட்டு நழுவுகிறவனைக் கட்டிப்போடுவது இதுதான். மனு எழுதும்போது இந்தக் கோரிக்கை இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். வாடகையை அவனே கட்ட வேண்டும் என்றும், நிலைமை அப்படி இருந்தால் அதே வசதியுள்ள வேறு வீடு பார்த்துத் தரவேண்டும் அல்லது அதற்கு வாடகை தரவேண்டும் என்றும் கேட்கலாம். அட்வான்ஸ் தொகையை அவன் எடுத்துக்கொள்ளாமல் தடுக்க, சொத்துகளைக் கைமாற்றத் தடை கேட்கும் பிரிவு 18-இன்கீழ் அதையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

இதன் எல்லையையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். உத்தரவு கட்டுப்படுத்துவது கணவனை. வாடகை மாதக்கணக்கில் நின்றுபோனால் வீட்டு உரிமையாளர் வாடகை நீதிமன்றம் போவதை இந்த உத்தரவு தடுக்காது. நம் ஊரில் அக்ரிமெண்ட் 11 மாதத்துக்குத்தான் போடுகிறார்கள், அதுவும் முடிந்துவிடும். ஆக, உத்தரவு கிடைத்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மீதி வேலை வாடகைத் தேதி தவறாமல் பார்த்துக்கொள்வது.

*முதல் பேச்சு*

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். பேசுவது எப்படி என்பதை மூன்றாம் அத்தியாயத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன், வாடகை வீட்டுக்கென்று உள்ளதை மட்டும் இங்கே.

ஸ்டோர் வீடுகளில் சுவருக்குக் காது மட்டுமில்லை, கண்ணும் உண்டு. நடை பொது, குழாயடி பொது, கழிவறைகூட சில இடங்களில் பொது. நீங்கள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் சாயங்காலம் கணவனுக்குச் செய்தி போய்விடும். ரேஷன் கடை வரிசை, பள்ளிக்கூட வாசல், கோயில், அரசு மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டு வாங்கும் இடம், இவையெல்லாம் பேச நல்ல இடங்கள். போனில் என்றால் அவர் மிஸ்டு கால் கொடுத்த பிறகு மட்டும் கூப்பிடுங்கள். ஆபத்து என்று சொல்ல ஒரு சாதாரண வாக்கியத்தைப் பேசி வையுங்கள். "அக்கா, தோசை மாவு இருக்கா?" என்று மெசேஜ் வந்தால் 112க்கு அழைக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு பெண்ணுக்கும் ஏற்பாடு. நிஜமாகவே மாவு தீர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மெசேஜ் வந்து போலீஸ் வரை போய்விட்டது. அன்றிலிருந்து வீட்டில் வழக்கமாகப் புழங்காத பொருளாகப் பார்த்துத்தான் வாக்கியம் வைக்கிறேன்.

அவர் இருக்கப் போகிறாரா, போகப் போகிறாரா என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கிளம்புகிற நேரமும் கிளம்பிய பின் வரும் வாரங்களும்தான் உயிருக்கு அதிக ஆபத்தான காலம். அவனை யாரைவிடவும் நன்றாகப் படித்து வைத்திருப்பவர் அந்தப் பெண்தான். "இன்னும் ஏன் அங்கேயே இருக்கே?" என்று கேட்பவரிடம் அவர் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்.

ஆனால் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தர யாராலும் முடியும் என்பது தெரிந்திருக்கட்டும். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருப்பவர் அவர். பக்கத்துக் குடித்தனக்காரர் நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னால் அதற்காக அவர்மேல் சிவிலோ கிரிமினலோ வழக்குத் தொடர முடியாது என்று சட்டத்தின் பிரிவு 4 சொல்கிறது. பெண்ணைக் கேட்டுவிட்டுச் செய்வது முறை. கதவுக்குப் பின்னால் அலறல் கேட்கும்போது கேட்டுக்கொண்டு நிற்க முடியாது, 112 அல்லது 181.

*ஒரு துணிப்பை*

அவர் அந்த வீட்டில் குடியிருந்தார் என்று நிரூபிக்கக் காகிதம் வேண்டும். ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஆதார், கேஸ் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி டைரியில் உள்ள முகவரி, பாஸ்புக், வாடகை அக்ரிமெண்ட்டின் நகல். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்லாதீர்கள். பீரோவில் காகிதம் குறைந்தால் அவன் கண்ணில் படும். பிள்ளைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போகிற சாக்கில் ஒவ்வொன்றாக எடுத்து, நம்பகமான ஒருவர் வீட்டில் வைக்கலாம். போனில் படம் எடுத்தால் உங்களுக்கு அனுப்பிவிட்டு அவர் போனில் அழித்துவிட வேண்டும், 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியிலும்.

வாடகை வீட்டில் இதற்கு மேல் இரண்டு சமாசாரம் உண்டு. முதலாவது, பணம் கொடுத்ததற்கான தடம். பல வீடுகளில் வாடகை கொடுப்பது உண்மையில் பெண்தான். வீட்டுவேலை செய்தோ, கம்பெனி வேலைக்குப் போயோ வந்த சம்பளத்தில் எடுத்து ஓனர் கையில் கொடுக்கிறார். ஓனர் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவார். அந்த நோட்டைப் படம் எடுங்கள். ஜிபே என்றால் அவர் கணக்கிலிருந்து போகட்டும், குறிப்பில் 'ஜூன் வாடகை' என்று எழுதட்டும். இரண்டாவது, அட்வான்ஸ் எங்கிருந்து வந்தது என்பது. நகை அடகு வைத்திருந்தால் அடகுச் சீட்டு, மகளிர் குழுக் கடன் என்றால் குழுவின் பதிவேடு, அப்பா கொடுத்தது என்றால் வங்கிப் பதிவு. போக்கியத்துக்கு இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சில லட்சங்கள் ஒரே தொகையாக ஓனரிடம் இருக்கும், பெரும்பாலும் அது பெண் வீட்டு நகையும் ரொக்கமும். போக்கியப் பத்திரத்தில் கணவன் பெயர் மட்டும் இருந்தால் அந்தப் பணம் முழுவதும் அவன் கைக்குத் திரும்பிப் போகும்.

அடிபட்டால் அரசு மருத்துவமனைக்கு. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால் அதுவே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும், பிறகு மாற்ற முடியாது. உண்மையைச் சொல்லி, ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்க வேண்டும். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். "பேசி அனுப்பிட்டோம், வீட்டுக்குப் போம்மா" என்பது ரசீது ஆகாது.

*ஹவுஸ் ஓனரிடம் பேசுவது*

பெண்ணின் சம்மதம் இல்லாமல் பேசக் கூடாது என்பதை மேலே சொன்ன கதையே சொல்லிவிட்டது. சம்மதம் கிடைத்த பிறகும், ஓனரிடம் குடும்பக் கதையை இறக்கி வைக்காதீர்கள். அவர் பயப்படுவது மூன்றுக்கு: போலீஸ் வாசலுக்கு வரும், வாடகை நின்றுபோகும், மற்ற குடித்தனக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டாவது பயத்தைப் போக்கினால் மற்ற இரண்டும் பாதியாகக் குறையும். நான் இப்போது இப்படித்தான் ஆரம்பிக்கிறேன்: "சார், வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துரும். இனிமே அந்தம்மா கையிலயே வாங்கிக்கோங்க, ரசீது அவங்க பேர்ல குடுங்க."

அடுத்து கேட்க வேண்டியது, கணவன் வந்து காலி செய்கிறேன் என்றால் அந்தம்மாவுக்குத் தெரியாமல் சாவி வாங்கவோ அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கவோ வேண்டாம் என்பது. நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலைக் கொடுங்கள். சட்டப்படி உத்தரவு நகல் பெண்ணுக்கு இலவசமாகவே தரப்படும், கூடுதலாக ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளலாம். ஓனர் பெயர் வழக்கில் இல்லாவிட்டாலும், கோர்ட் முத்திரை போட்ட காகிதத்தைப் பார்த்த பிறகு கணவனிடம் ரகசியமாகக் கணக்கு முடிக்க யாரும் துணிவதில்லை. அக்ரிமெண்ட் புதுப்பிக்கும் நேரம் வந்தால் பெண் பெயரில் புதிதாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். பலர் மறுப்பார்கள். இரண்டு பெயரும் போடலாமா என்று அடுத்ததாகக் கேளுங்கள், அதற்குச் சிலராவது இறங்கி வருவார்கள்.

கெட்ட ஓனர்களும் உண்டு. கணவனோடு சேர்ந்துகொண்டு மோட்டாரை நிறுத்துவது, ஃப்யூஸைப் பிடுங்குவது, இரவு கேட்டைப் பூட்டிவிடுவது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் சட்டப்படி குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தி ஆளைக் கிளப்பக் கூடாது. அதே சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை. சென்னையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இருந்தாலும் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கிறது.

*மனு போடும் இடம்*

பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னால் அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதுவார். வக்கீலுக்குப் பணமில்லை என்ற கவலை வேண்டாம். பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தர வேண்டும், எண் 15100. அம்மா வீட்டுக்குத் தப்பி வந்துவிட்டால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம், தற்காலிகமாகத் தங்கும் இடமும் போதும். முதல் விசாரணை மூன்று நாளுக்குள், தீர்ப்பு 60 நாளுக்குள் என்று குடும்ப வன்முறைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நடப்பில் வாய்தா மேல் வாய்தா. அதனால் மனுவோடு சேர்த்தே பிரிவு 23-இன்கீழ் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும், எதிர்த்தரப்பு வராமலே அதைப் போட முடியும். பிரிவு 18-இன்கீழ் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டுவரை சிறை அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும்.

*வேறு வீட்டுக்குப் போகும்போது*

உடனே வெளியேற வேண்டிய இரவுக்கு, மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் (181 வழியாகப் போகலாம்) ஐந்து நாள்வரை தங்கலாம். கூட வரும் ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு உண்டு, போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தங்கும் விடுதிகள் பற்றி ஒன்பதாம் அத்தியாயம்.

வீடு தேடுவதுதான் பாடு. "வீட்டுக்காரர் எங்க வேலை பாக்குறார்?" என்பதுதான் எந்த ஓனரும் கேட்கும் முதல் கேள்வி. பொய் சொல்லி நுழைந்தால் ஆறு மாதத்தில் வெளியேறும் நிலை வரும். முழுக்கதையும் சொன்னால் வாசலோடு போக வேண்டியதுதான். "நானும் பிள்ளைங்களும் மட்டும்தான் சார். நான் இந்தக் கம்பெனியில வேலை பாக்குறேன், வாடகை என் கணக்குலேருந்து வரும்" என்று நிறுத்திக்கொள்வது நல்லது. நீங்கள் கூடப் போங்கள், "எனக்குத் தெரிஞ்சவங்க" என்று சொல்லும் ஒரு ஆள் இருந்தால் பாதிக் கேள்வி குறையும். தரகருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் போகும், அதையும் சேர்த்துப் பணம் திரட்டுங்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அவர் கணக்கில்தான் விழுகிறது, ஆனால் ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப்பையில் என்று பாருங்கள். புதுக் கணக்கு, வேறு வங்கியில்.

புது முகவரி ஒளிவாக இருக்க வேண்டுமென்றால் சின்னச் சின்ன ஓட்டைகளை அடைக்க வேண்டும். கேஸ் புக் செய்தால் குறுஞ்செய்தி யார் எண்ணுக்குப் போகிறது? சாப்பாடு வரவழைக்கும் செயலியில் இருவருக்கும் ஒரே கணக்கா? பிள்ளை கேம் விளையாடும் பழைய போனில் அப்பாவின் கூகுள் கணக்கு இன்னும் இருக்கிறதா? ஒரு வீட்டை அவன் கண்டுபிடித்தது இந்தக் கடைசி வழியில்தான், பிள்ளை கையில் இருந்த போன் அவனுக்கு வழிகாட்டியது. பள்ளி மாற்றும்போது தலைமை ஆசிரியரை நேரில் பார்த்து, டி.சி. எந்தப் பள்ளிக்கு என்பதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், உத்தரவு நகலோடு.

அக்ரிமெண்ட் டைப் அடிக்கும் கடையில் கூடவே உட்காருங்கள். பெண் பெயர் சொன்னதும் தட்டச்சு செய்பவர் விரல் தானாக க/பெ என்று அடித்துவிட்டு, "வீட்டுக்காரர் பேரு?" என்று நிமிர்ந்து பார்ப்பார். க/பெ போட்டால், நாளைக்கு அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு வருகிறவன், "பாருங்க சார், என் பேரு இதுல இருக்கு" என்று ஓனரிடம் சாவி கேட்பான். த/பெ போடச் சொல்லுங்கள். அப்பா இல்லையென்றாலும் பரவாயில்லை, 'லேட்' சேர்த்து அடிப்பார்.